ஆடி மாதத்து ஒத்திகைப் பந்தி

அண்ணனூர்
8 ஜூலை 2025

அண்ணனுக்கு,

எழிலு எழுதுகிறேன். கடிதத்தைப் பார்த்ததும் பயந்துவிடாதே, இங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் பேச வழியில்லை என்றுதான் தாளை எடுத்தேன். நான் லேபில் வேலை முடிந்து வந்தது முதல் படுக்கும் வரை நைனா என்னை ஒட்டியே உட்கார்ந்திருக்கிறார். யார் போன் என்று கேட்டு ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். அவரைப் பற்றி அவர் காதுபடவே எப்படிப் பேசுவது? அவர் குளிக்கப் போன நேரம் பார்த்துக் கூப்பிட்டால், "சும்மா அதையே பேசாத எழிலு" என்று நீ வைத்துவிடுகிறாய். மெசேஜ் போட்டால் பார்த்துவிட்டுப் பதில் போடுவதில்லை. தாளை உன்னால் பாதியில் கட் பண்ண முடியாது. பண்ணினாலும் எனக்குத் தெரியப் போவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். செப்டம்பர் நாலாம் தேதி எனக்குக் கல்யாணம். அம்பத்தூரில் மண்டபம் சொல்லியாகிவிட்டது. முந்தின நாள் சாயந்திரம் பெண்ணழைப்புப் பந்தி. நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாததா? பெண்ணைப் பெற்றவர் சம்பந்தி இலையில் தன் கையால் முதல் சோறு போட வேண்டும். பிறகு பெண்ணின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் கொடுத்து, "இனிமே இது உங்க ஊட்டுப் பொண்ணு" என்று சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் மற்றவர்கள் இலையில் கை வைப்பார்கள். மறுநாள் தாலி கட்டுவது ஊருக்காக, கல்யாணம் இந்தப் பந்தியிலேயே முடிந்துவிடுகிறது என்று அம்மா சொல்வாள்.

அதை வரதன் சித்தப்பா செய்யட்டும் என்று நீ முடிவு பண்ணிவிட்டாய். சித்தப்பாவும் புதுச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டார். கல்யாணப் பெண்ணை மட்டும் யாரும் கேட்கவில்லை. இப்போது நானே சொல்கிறேன். என் கையை நைனாதான் பிடித்துக் கொடுக்க வேண்டும். நான் யார், எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். இதைத் தவிர இந்தக் கல்யாணத்தில் எனக்கு வேறு ஆசை இல்லை.

அம்மா போன பிறகு அவருக்கு ஞாபகம் எப்படிக் குறைந்துகொண்டே வருகிறது என்று நீ பொங்கலுக்கு வந்தபோதே பார்த்தாய். இப்போது இன்னும் மோசம். ஆனால் கையால் பழகின காரியம் மட்டும் போகவில்லை அண்ணா. வேலை பார்த்த ரயில்வே கார் ஷெட்டில் வண்டிக்கு என்னென்ன பார்த்தார் என்று இப்போதும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறார். காலையில் பார்த்தது சாயந்திரம் தங்காது, பழக்கினது தங்குகிறது.

அதனால் வருகிற ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டிலேயே அந்தப் பந்தியைப் போட்டு அவரைப் பழக்கப் போகிறேன். மாப்பிள்ளை இலையில் உட்கார நிர்மலே வருவார். அவருக்கு நைனாவைப் பற்றி எல்லாம் தெரியும். அவர் அம்மாவுக்குத்தான் தெரியாது. "சுகர்னு சொல்லு, வேற எதுவும் வாயத் தொறக்காத" என்று நீ போட்ட உத்தரவை நான் மீறவில்லை. அந்த அம்மாள் நைனாவைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

நீயும் வர வேண்டும். எழுது.

எழிலரசி


புனே
15 ஜூலை 2025

எழிலுக்கு,

உன் கடிதம் வந்தது. படித்துவிட்டுக் கிழித்துப் போடுகிற அளவுக்குக் கோபம் வந்தது.

ஒத்திகையா? நைனா என்ன ஆண்டு விழாவில் மரம் வேஷம் போடுகிற பிள்ளையா? அவர் சரி என்று கை காட்டாமல் ஷெட்டிலிருந்து ஒரு வண்டி வெளியே போனதில்லை. அவரை உட்கார வைத்து, "இப்படிச் சொல்லு, அப்படிச் சொல்லு" என்று பாடம் நடத்தப் போகிறாயா? தப்பாகச் சொன்னால் என்ன செய்வாய், பெஞ்ச் மேல் ஏற்றுவாயா?

சரி, வீட்டில் நன்றாகவே செய்துவிட்டார் என்று வைத்துக்கொள். மண்டபத்தில் அத்தனை சனம், மேளம், வீடியோ லைட். அந்த நேரத்தில் உன் மாமியாரைப் பார்த்து, "நீங்க யாரும்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். அவர்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சனம். மகன் விரும்பினான் என்ற ஒரே காரணத்துக்காக இவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கிறார்கள். இதுவும் தெரிந்தால், "பொண்ணுக்கும் நாளைக்கு இதே வருமோ" என்று ஒரு அத்தை ஆரம்பிப்பாள். அந்தப் பேச்சு உன்னைச் சாகும் வரை விடாது. நான் உனக்காகத்தான் மறைக்கச் சொன்னேன், என் கௌரவத்துக்காக இல்லை.

அதுவும் ஆடியில் போய் வைத்துக்கொள்கிறாயே! சித்தப்பா செய்யட்டும். நைனா முதல் வரிசையில் பட்டு வேட்டியோடு உட்காரட்டும். அதுவே அவருக்கு மரியாதை.

பொங்கலுக்கு நான் ஏன் மறுநாளே கிளம்பினேன் என்று நீ அப்போது கேட்டாய். கதவைத் திறந்ததும், "வாங்க சார், இன்ஸ்பெக்‌ஷனா? சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்களே" என்றார். நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். நான் உட்காரும் வரை அவர் உட்காரவில்லை. என்னைப் பெற்றவர் என் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உனக்கு அது புரியாது.

செப்டம்பர் இரண்டாம் தேதி வருகிறேன். ஒத்திகைக்கு என்னை எதிர்பார்க்காதே.

உதயகுமார்


அண்ணனூர்
20 ஜூலை 2025

அண்ணனுக்கு,

எனக்குப் புரியாதா! உன்னை சார் என்றார், நீ ரயிலேறிவிட்டாய். என்னைப் பாதி நாள் நாகம்மா என்று அம்மா பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். "இன்னா நாகு, உதயா ஸ்கூலாண்டேந்து வந்துட்டானா?" என்று கேட்கிறார். நான் எந்த ரயிலில் ஏறுவது, சொல்லு? ம் வந்துட்டான், தூங்குறான் என்று சொல்லிவிட்டுச் சோறு பிசைந்து கொடுக்கிறேன். நீ புனேயில் உட்கார்ந்துகொண்டு மரியாதையைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறாய்.

சண்டை போட எழுதவில்லை. இருந்தாலும் வந்துவிட்டது, இருக்கட்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, 27ஆம் தேதி, பந்தி. ஆடி என்று குறை சொன்னாய். ஆடியாக இருப்பதுதான் எனக்கு வசதி. ஆடியில் யாராவது கல்யாணம் பண்ணுவார்களா? தெருவில் ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள், ஏதோ ஆடிக் கூழுக்கு ஆள் கூடியிருக்கிறது என்று நினைப்பார்கள். சித்தப்பா குடும்பத்தோடு வருகிறார். சட்டை வீணாகப் போகிறதே என்று அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். சம்பந்தியாக உட்காரப் பக்கத்து வீட்டுத் தாயம்மா அக்கா. பகலில் நைனாவைப் பார்த்துக்கொள்வதே அவர்தான் என்பதால் அவர் எதிரில் நைனா மிரள மாட்டார். "நான் சம்மந்தின்னா எனுக்கு ஒரு பொடவ எட்த்துத் தர்ணும்" என்று இப்போதே அதிகாரம் தூள் பறக்கிறது.

காலையிலும் சாயந்திரமும் நைனாவுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். முதல் சோறு, என் கை, அந்த ஒரு வார்த்தை. நேற்று அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எனுக்குத் தெர்யாதாமே? ஒன் அத்தைங்க ரெண்டு பேரையும் நான்தான் புட்சிக் குடுத்தேன்" என்று கத்தினார். கத்தினாரா, எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. தாத்தா போன பிறகு அத்தைகளைக் கரையேற்றியவர் அவர்தானே? அது இருக்கிறது அண்ணா, உள்ளே எங்கேயோ பத்திரமாக இருக்கிறது.

ஞாயிறு காலையில் வந்து இறங்கினால் போதும். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பு. தனியாக நான் இதைச் செய்ய எனக்குப் பயமாக இருக்கிறது.

எழிலு


அண்ணனூர்
29 ஜூலை 2025

அண்ணனுக்கு,

நீ வரவில்லை. வாசலைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். போகட்டும்.

என்ன நடந்தது என்று எழுதுகிறேன், நீ வராத பாவத்துக்கு ஒரு வரி விடாமல் படி.

கூடத்தில் பாய் போட்டு வரிசையாக இலை போட்டோம். நைனாவுக்கு வெள்ளை வேட்டி கட்டிவிட்டேன். தலையைத் தானே வாரிக்கொண்டார். தாயம்மா அக்கா தன் கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்து முதல் இலையில் உட்கார்ந்தார். பக்கத்தில் நிர்மல். சித்தப்பா அன்னத்தட்டை நீட்டினார். நைனா வாங்கி, குனிந்து, தாயம்மா அக்கா இலையில் சோறு போட்டார். அக்கா களுக்கென்று சிரித்துவிட்டார். நைனா நிமிர்ந்து பார்த்தார். "இன்னா தாயம்மா சிரிப்பு? இது சிரிக்கிற காரியமா?" என்றார். அக்கா சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பிறகு என்னைத் தேடினார். "எழிலு, இங்க வா" என்றார். நாகம்மா இல்லை அண்ணா, எழிலு. என் கையைப் பிடித்து நிர்மல் கையில் வைத்து, அதன்மேல் தன் இரண்டு கையையும் வைத்து மூடிக்கொண்டார். "இனிமே இது உங்க ஊட்டுப் பொண்ணு" என்றார். நான் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். அவர் கையை எடுக்கவில்லை. "நாகம்மா இருந்தா இன்னும் நல்லா சொல்லிருப்பா. எனுக்கு இவ்ளோதான் தெரியும். இவ கொழம்புல உப்பு கம்மியாத்தான் போடுவா. திட்டாதீங்க. எனுக்கு பிரஷர்னு கம்மியா போட்டுப் போட்டு அந்தக் கை அப்டியே பழகிட்ச்சி" என்றார்.

நான் உடைந்துவிட்டேன். நிர்மல் தலையே நிமிரவில்லை. சித்தப்பா அந்தப் புதுச் சட்டையின் கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நைனா மட்டும் கலங்கவில்லை. எல்லோருக்கும் பரிமாறி, எல்லோரும் எழுந்த பிறகுதான் கடைசி இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார். இவரையா நாம் ஓரமாக உட்கார வைக்கப் பார்த்தோம்?

இதோடு முடித்திருந்தால் நன்றாக இருக்கும். நேற்றுக் காலை எழுந்து வருகிறேன், என் துணிகளை என் பையில் அடுக்கிக்கொண்டிருக்கிறார். "இன்னா நைனா?" என்றேன். "இன்னாம்மா இன்னும் இங்கியே கீற? ஊட்டுக்குப் போவல? மாப்ள ஒன்ன விட்டுட்டா போய்ட்டாரு?" என்றார். சிரித்துச் சமாளித்து வேலைக்குப் போய்விட்டேன். இன்று காலையும் அதையே கேட்டார். முந்தின நாள் சாப்பிட்டதே தங்காத மனுஷருக்கு இது எப்படித் தங்கியது என்று தெரியவில்லை.

எழிலு


புனே
4 ஆகஸ்ட் 2025

எழிலுக்கு,

கேன்டீனில் நின்றுகொண்டு படித்தேன். உப்பு விஷயம் வந்த இடத்தில் தட்டை வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். நன்றாகச் செய்திருக்கிறார். நான் வந்திருக்கலாம்தான். டிக்கெட் எடுத்துப் பையைக்கூட எடுத்து வைத்தேன் எழிலு. மறுபடி நாற்காலியைத் துடைத்துப் போடுவாரே என்று நினைத்ததும் பையைப் பிரித்துவிட்டேன். திட்டிக்கொள்.

ஆனால் அந்தப் பை அடுக்குகிற விஷயத்தை வளரவிடாதே. உட்கார வைத்து நிதானமாகச் சொல்லு. அது ஒத்திகை, கல்யாணம் இன்னும் ஆகவில்லை, ஆவணியில்தான் என்று சொல்லு. தேவைப்பட்டால் பத்திரிகையைக் காட்டு. எழுத்தைப் பார்த்தால் நம்புவார். இல்லாவிட்டால் மண்டபத்தில் குழப்பம் வரும்.

உன் மாமியார் காதுக்கு எதுவும் போகாமல் பார்த்துக்கொள்.

உதயா


அண்ணனூர்
10 ஆகஸ்ட் 2025

அண்ணனுக்கு,

உன் யோசனையைக் கேட்டேன். நல்ல யோசனை! நீயே வந்து அவரிடம் சொல்லிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

பத்திரிகையைக் கையில் கொடுத்து, "நைனா, கல்யாணம் இன்னும் ஆகல, அன்னிக்கு நடந்தது சொம்மா ஒத்திகை" என்றேன். பத்திரிகையைப் பார்க்கவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சொம்மாவா? கைய புட்சிக் குடுத்தனே, அது சொம்மாவா? இன்னா சண்டமே? எங்கிட்ட மறைக்கிறியா? அட்ச்சி தொரத்திட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். சாப்பிடவில்லை. பொண்ணை வாழாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று அவருக்கு முடிவாகிவிட்டது. இரண்டு நாள் தெருப் பக்கம் போகவில்லை. தாயம்மா அக்கா வந்தால்கூடத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார், அவமானமாம்.

மூன்றாம் நாள் நான் வேலைக்குப் போன பிறகு என் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். தாயம்மா அக்கா தண்ணீர் பிடித்துவிட்டு வந்து பார்த்தால் ஆள் இல்லை. அக்கா போனில் அழுததைக் கேட்டு லேபிலிருந்து அப்படியே ஓடி வந்தேன். நானும் நிர்மலும் ஆவடி ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்டு, குளக்கரை என்று தேடாத இடமில்லை.

அவர் நேராகப் போய் ரயிலேறி, அடுத்த ஸ்டேஷனான திருமுல்லைவாயிலில் சரியாக இறங்கியிருக்கிறார். முன்பு கல்யாணம் பேசப் போன அதே ஃபிளாட், நிர்மல் வீடு. பெற்ற பிள்ளையைத் தெரியாது, ரயில் தெரிகிறது, சம்பந்தி வீடு தெரிகிறது.

அங்கே நடந்ததை அத்தையே என்னிடம் சொன்னார். நிர்மல் அம்மா சுலோசனாவைத்தான் சொல்கிறேன், இப்போதே அத்தை என்றுதான் கூப்பிடச் சொல்லியிருக்கிறார். கதவைத் திறந்தால் பையோடு நைனா. கும்பிட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். "சம்மந்திமா, எம் பொண்ணு இன்னா தப்பு பண்ணா? உப்பு கம்மின்னு அன்னிக்கே சொன்னனே. தாயில்லாத பொண்ணு. இட்டுக்கினு போங்கம்மா" என்று காலில் விழப் போயிருக்கிறார்.

அத்தைக்கு ஒன்றும் தெரியாது அண்ணா. பந்தி தெரியாது, நைனா நிலைமை தெரியாது. ஆனாலும் பிடித்துத் தூக்கி உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அந்த நிமிஷத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். "என்ன அண்ணாச்சி இப்படிச் சொல்லுதீய? ஆடி மாசம்லா! புதுப் பொண்ணு ஆடிக்குப் பொறந்த வீட்டுல தான இருக்கணும்? ஆவணி பொறக்கட்டும், நாங்களே மேளதாளத்தோட வந்து கூட்டிட்டுப் போறோம்."

நைனா அப்படியே நெற்றியில் அடித்துக்கொண்டாராம். "ஆடி! ஆமாமே, ஆடி!" என்று குழந்தை மாதிரி சிரித்தாராம். அத்தை போன் பண்ணி நாங்கள் அழைத்து வரப் போவதற்குள் இரண்டு தம்ளர் காப்பி குடித்திருந்தார். எங்கள் ஒருவருக்கும் இது தோன்றவில்லையே! ஒரு மாதமாக ஆடி ஆடி என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

அன்று ராத்திரி நிர்மலிடம் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, மறுநாள் அத்தை நம் வீட்டுக்கு வந்தார். நைனா எதிரில் ஒன்றும் காட்டவில்லை. என்னை அடுப்படிக்கு அழைத்துப் போய்ப் பிடித்துக்கொண்டார். "சுகர்னியே, இதுதான் சுகரா? எம் மவனும் உங்கூடச் சேந்து எங்கிட்டப் பொய் சொல்லியிருக்கான். எனக்குத் தெரியாம எம் பேருல ஒருத்திய உக்கார வச்சு சம்பந்தி விருந்தே போட்டாச்சு. நான் என்ன அந்நியமா?" நின்று வாங்கிக்கொண்டேன். இந்தக் கல்யாணம் நிற்குமா நடக்குமா என்று நினைத்துக்கொண்டே அடுப்பை அணைத்தேன். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உங்க அண்ணன் சொல்லித்தான மறைச்ச? அந்தப் பையன வரச் சொல்லு. பந்தியில அண்ணாச்சி செஞ்சா செய்யட்டும். முடியலன்னா பெத்த மகன் நிக்கட்டும். மகன் இருக்கையில சித்தப்பா எதுக்கு?" என்று சொல்லிவிட்டுப் போனார். நிர்மலோடு இன்னும் சரியாகப் பேசவில்லையாம். இந்த வீட்டுக்கு மருமகளாகப் போகப்போகிறேன், இந்த முகத்தோடு.

என்னால் முடிந்தது இவ்வளவுதான். இனி நீ.

எழிலு


புனே
18 ஆகஸ்ட் 2025

எழிலுக்கு,

திட்டினது பத்தாது, இன்னும் திட்டியிருக்கலாம்.

உன் மாமியாருக்குப் போன் பண்ணினேன். மன்னிப்புக் கேட்கத்தான் பண்ணினேன், ரயில் டிக்கெட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். அவரே, "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

நேற்று ஆவணி பிறந்துவிட்டது. நைனா கேட்க ஆரம்பித்திருப்பாரே? நல்ல நாள் பார்த்திருக்கிறார்கள் என்று சொல்லிச் சமாளி. மாதக் கடைசியில் வருகிறேன், நீண்ட லீவு. நான் சித்தப்பா வீட்டில் தங்கட்டுமா? என்னைப் பார்த்து ஏதாவது குழம்பிவிடப் போகிறார். உண்மையைச் சொன்னால் எனக்குத்தான் பயம்.

உதயா


திருமுல்லைவாயில்
7 செப்டம்பர் 2025

அண்ணனுக்கு,

ஒரு ஸ்டேஷன் தள்ளி இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேன். நிர்மல் சிரிக்கிறார். நீ நைனா பக்கத்தில் இருப்பாய், போனில் கேட்க முடியாது. நேரில் வந்தால் புதுப் பெண் அழுகிறாள் என்பார்கள்.

பந்தியில் நைனா அன்னத்தட்டை வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நான் எதிர் வரிசையிலிருந்து பார்த்தேன். நீ வாங்கிச் சோறு போட்டாய், நீ என் கையைப் பிடித்துக் கொடுத்தாய். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நைனா யார் வீட்டு விசேஷத்துக்கோ வந்த மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். என்னையும் மறந்துவிட்டாரா அண்ணா? அன்று கையைப் பிடித்துக் கொடுத்ததும் போய்விட்டதா?

அப்புறம் நீ அவர் பக்கத்தில் உட்கார்ந்தாய். அவர் உன் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். நீ பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனாய், திரும்பி வரவே இல்லை. என்ன சொன்னார்? கேட்டபோது ஒன்றுமில்லை என்றாய். மறைக்காதே. மறைத்து மறைத்துத்தான் இவ்வளவு தூரம் வந்தது.

எழிலு


அண்ணனூர்
9 செப்டம்பர் 2025

எழிலுக்கு,

அவர் உன்னை மறக்கவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நான் உட்கார்ந்ததும் குனிந்து, "சார், நீங்க மாப்ள ஊட்டுக்காரரா?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். "நான் தட்ட வாங்கலன்னு தப்பா நெனச்சிக்காதீங்க. ஆடிலயே எங்கூட்ல வச்சிக் குடுத்துட்டேன் சார். பெத்தவன் ஒரு வாட்டிதான் கைய புட்சிக் குடுக்கணும். இன்னொரு வாட்டி குடுத்தா மொதல்ல குடுத்தது சொம்மான்னு ஆயிடும்ல? எம் பொண்ணே ஒரு நாளு சொம்மான்னு சொல்லிட்சி, எனுக்கு மனசே ஆறல" என்றார். பிறகு உன்னைக் காட்டி, "அதோ, எம் பொண்ணுதான், எழிலரசி. ஆடி முடிஞ்சி கூப்ட வந்துகீறாங்க. எவ்ளோ ஜனம் பாருங்க சார். சொன்ன சொல்லு தவறல அந்தம்மா" என்றார். அதுதான் நீ பார்த்த சிரிப்பு.

அதாவது, நீ ஆசைப்பட்டது நடந்துவிட்டது. நீ யார், எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்துதான் கொடுத்தார். இத்தனை நாளாகக் கீழே போடாமல் வைத்திருக்கிறார்.

அதோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "உங்களுக்குப் பையன் இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

"கீறான் சார். உதயகுமாரு. பூனால பெரிய வேலைல கீறான். தங்கச்சி கல்யாணத்துக்கு அவன் வர்ல. எல்லாரும் கேட்டாங்க. வராம போற புள்ள இல்ல சார் அவன். தங்கச்சின்னா அவனுக்கு உசுரு. லீவு குடுத்திருக்க மாட்டாங்க" என்றார். எச்சில் கையை மடக்கிக்கொண்டு, இடது கையால் என் முழங்கையைத் தொட்டார். "நீங்க ஆபீசரு மாதிரி கீறீங்க. மேல யார்னா தெரிஞ்சா சொல்லி, அவனுக்கு ஒரு லீவு வாங்கித் தர முடியுமா சார்?"

அதற்குத்தான் எழுந்து போனேன்.

நான் திரும்பிப் போகவில்லை எழிலு. சென்னைக்கு மாற்றல் கேட்டு எழுதியிருக்கிறேன். கிடைக்காவிட்டால் இங்கேயே ஏதாவது பார்த்துக்கொள்ளலாம். தாயம்மா அக்கா என்னைக் குழம்பு வைக்கப் பழக்குகிறார். உப்பு இன்னும் கைக்கு வரவில்லை, நைனா ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுகிறார். உன்னை ஒரு நாளும் தேடவில்லை. "அது அது ஊட்ல நல்லாக்கீது" என்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையோடும் அத்தையோடும் வா, விருந்துக்கு வருவதாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

தினமும் காலையில், "லீவு கெட்ச்சிதா சார்?" என்று கேட்கிறார். நேற்று, கிடைத்துவிட்டது, பையன் வருகிறான் என்று சொல்லிவிட்டேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பரண் மேலிருந்து என் பழைய பாயை இறக்கச் சொல்லி, உதறி, கூடத்தில் போட்டு, தலையணையும் வைத்துவிட்டார். அதில் யாரையும் உட்கார விடுவதில்லை. என்னையும்தான்.

உதயா